தரை இருக்கிற ரூம்

இந்த ரூமில் தரையே இல்லையே என்றுதான் ஏகாம்பரத்துக்கு முதலில் பட்டது. கதவைத் திறந்தால் கட்டில். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் கட்டிலைக் கொண்டுவந்து அடைத்துவிட்டு, மிச்சமிருந்த ஒரு முழத்தில் செருப்பு விட இடம் வைத்திருக்கிறார்கள். டிவி இருக்கிறது, ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது, கட்டிலுக்கு மேலே கலர் விளக்குகூட இருக்கிறது, தரைதான் இல்லை. ரூம் காட்ட வந்தவன் ஸ்விட்சைத் தட்டித் தட்டி நீலம், சிவப்பு, பச்சை என்று மாற்றிக் காட்டினான். "பார்ட்டி லைட் சார். இந்த ஏரியால எங்ககிட்ட மட்டும்தான்," என்றான். சரிதான், அதுதான் இப்போது ரொம்ப முக்கியம். அவள் எங்கே உட்காருவாள்? சொன்னதும் நின்றுகொண்டா இருப்பாள், காலை மடித்துத் தரையில்தானே விழுவாள், விழுவதற்கு ஒரு பாய் அகலமாவது வேண்டாமா. கட்டிலில் உட்கார்ந்து அழுகிற அழுகையும் ஒரு அழுகையா, அதுவும் யார் யாரோ வந்து புரண்டுவிட்டுப் போன இந்த மெத்தையில். மாரில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கினால் இந்தப் பக்கம் கண்ணாடி, அந்தப் பக்கம் டிவி. ஏகாம்பரம் பாத்ரூமை எட்டிப் பார்க்கிற மாதிரி பாவனை செய்துவிட்டு, "இதைவிடப் பெரிசா இல்லியா?" என்று கேட்டார். எத்தனை பேர் என்று கேட்டான். ரெண்டு பேர், ரெண்டு ரூம் என்றார். ஒரு ஆம்பளை, ஒரு லேடி, ரெண்டு ரூமா என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு வேறு நாளாக இருந்தால் ஒன்று வைத்திருப்பார். இன்றைக்குக் கையே எழவில்லை. படியிறங்கிவிட்டார்.

தம்பி செத்துவிட்டான். அதைத்தான் அவளிடம் சொல்ல வேண்டும். அவள் என்றால் அம்சா, தம்பி தணிகாசலத்தின் பெண்டாட்டி. புருஷன் ஐசியூவில் கிடக்கிறான், காலையில் டாக்டர் பார்க்க விடுவார் என்று நம்பிக்கொண்டு, நாலு தெரு தள்ளி ஒரு ஜூஸ் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் பை. பைக்குள் அவனுடைய லுங்கி இரண்டு, துண்டு, ஹார்லிக்ஸ் பாட்டில், ஃபிளாஸ்க். லுங்கியை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறாள், ஐசியூவில் லுங்கி கட்ட விடுவார்களா என்று யோசிக்காமல். அவள் கையில் ஒரு சாத்துக்குடி ஜூஸைக் கொடுத்து, "ரூம் பாக்கணும்" என்றார். "நீங்க போய்ப் பாருங்க மாமா, நான் இங்கியே இருக்கேன்" என்றாள். திரும்பி நடந்து வந்துவிட்டார். அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் அங்கேயே உடைந்திருப்பார். காலையில் செங்கத்தில் பஸ் ஏறும்போது தணிகா உயிரோடு இருந்தான். பெங்களூரில் ஓட்டல் வேலை முடிந்து விடியற்காலை ரூமுக்குப் போகிறவனை லாரி தட்டிவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று அவனோடு வேலை செய்கிற அந்தோணிதான் போன் பண்ணினான். அம்சாவின் குழந்தையைத் தன் பெண்டாட்டியிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள். கிருஷ்ணகிரி தாண்டி டீ குடிக்க பஸ் நின்றபோது மறுபடியும் அந்தோணி. "அண்ணே, போய்ட்டாண்ணே," என்றான். அவ்வளவுதான். அப்புறம் அவனே, இன்றைக்கு வந்து ஒன்றும் ஆகாது, போஸ்ட்மார்ட்டம் காலையில்தான், இப்போது வந்தால் மார்ச்சுவரி வாசலில்தான் நிற்கணும், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் லாட்ஜெல்லாம் நிறைய இருக்கிறது, ராத்திரி படுத்து எழுந்து வாங்க என்று சொன்னான். நிறையத்தான் இருக்கிறது. தெரு முழுக்க லாட்ஜுதான், லாட்ஜுக்குக் கீழே பாருதான், பாருக்கு வெளியே கறுப்புச் சட்டை போட்ட தடியன்கள்தான்.

பஸ்ஸிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்தான், எப்படிச் சொல்வது? அவள் லேடீஸ் சீட்டில் முன்னால், இவர் நாலு வரிசை பின்னால். தம்பி பெண்டாட்டி மூத்தார் பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் வருகிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவளோடு தனியாக நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. ஒரே வளவு, இவர் முன்கட்டு, அவர்கள் பின்கட்டு. காபி கொண்டுவந்தால் ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போவாள். அவளை எழுப்பி, ஏறி இறங்குகிற ஜனத்துக்கு நடுவே, அம்மா உன் புருஷன் போய்ட்டான் என்றா சொல்வது? டீக்கடையில் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. போனை வைத்துவிட்டு இவர் திரும்பியபோது, "யாரு மாமா, அந்தோணியா? எப்படி இருக்காராம்?" என்று வாயில் பன்னோடு கேட்டாள். "அப்படியேதான் இருக்கானாம்" என்றார். பொய்யும் இல்லை அது. அப்படியேதான் இருப்பான் இனிமேல். "அவருக்கும் ரெண்டு பன்னு வாங்கிக்கலாமா? உள்ள குடுக்க விடுவாங்களா?" என்று கேட்டாள். வாங்கினார். பேப்பரில் சுற்றி வாங்கிக் கொடுத்தார். அந்தப் பன்னும் இப்போது அந்தப் பையில்தான் இருக்கிறது.

தெரு முழிக்கிற நேரம். பகலெல்லாம் தூங்கியிருக்க வேண்டும் இந்தத் தெரு, இப்போதுதான் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக மேலே போகின்றன, பலகை விளக்குகள் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி நிலைக்கு வருகின்றன. வெள்ளிக்கிழமை. பெண்பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக சிரித்துக்கொண்டு போகிறார்கள், பையன்கள் வாசனை அடித்துக்கொண்டு போகிறார்கள், எல்லாருக்கும் எங்கேயோ நல்லது நடக்கப் போகிறது. எங்கிருந்தோ கோழியைத் தீயில் வாட்டுகிற மணம். தணிகா இங்கேதான் எங்கேயோ வேலை செய்தான், எந்த ஓட்டல் என்று பேர் சொல்லியிருக்கிறான், வாயில் நுழையாத பேர். தந்தூரி மாஸ்டர். அடுப்புக்குள் கையை விட்டு விட்டு இரண்டு முழங்கையிலும் முடியே இருக்காது, லீவுக்கு வந்தால் அம்சா அதற்குத் தேங்காயெண்ணெய் தடவுவாள். அந்த முழங்கையைத்தான் முதலில் பார்க்கணும் நாளைக்கு. முகத்தைப் பார்க்கக் கூடாது, லாரி என்றால் முகம் எப்படி இருக்குமோ, முழங்கையைப் பார்த்தால் போதும், அடையாளம் தெரிந்துவிடும். ஐயோ, என்ன யோசனை இது. ஏகாம்பரம் ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்பம் அதிர்ந்தது. பக்கத்துக் கட்டடத்துக்குள் போட்ட பாட்டு தரை வழியாகக் கம்பத்துக்கு வந்து கைக்கு வருகிறது. யாரோ ஒரு பெண் நின்று, "ஆர் யூ ஓகே அங்கிள்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கூட்டத்தோடு போய்விட்டாள். நல்ல பெண். ஓகேதாம்மா என்று காற்றுக்குச் சொன்னார்.

ரூம்தான் பிரச்சினை. சொல்லிவிடலாம், சொல்வதற்கு ஒரு நல்ல ரூம் மட்டும் கிடைத்துவிட்டால் சொல்லிவிடலாம். இதில் ஏகாம்பரத்துக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை. செங்கத்தில் அவருக்கு சாமியானா கடை. பந்தல், சேர், ஜமுக்காளம், ஜெனரேட்டர், ஐஸ் பெட்டி எல்லாம் வாடகைக்கு. கல்யாணத்துக்கு எவ்வளவோ அவ்வளவு சாவுக்கும். ஒரு சாவு வீட்டுக்கு என்ன வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆம்பளைகளுக்கு வாசலில் சேர். பொம்பளைகளுக்குச் சேர் போட்டால் உட்காரமாட்டார்கள், அவர்களுக்குத் தரை வேண்டும், தரையில் ஜமுக்காளம் வேண்டும், முக்கியமானவளுக்கு முதுகு சாய ஒரு சுவர் வேண்டும். குடம் நிறையத் தண்ணீர், பக்கத்தில் ஒரு சொம்பு. எல்லாவற்றுக்கும் மேலே கட்டிக்கொண்டு அழ இன்னொரு பொம்பளை வேண்டும். அதுதான் இல்லவே இல்லை இங்கே. அவள் விழுந்தால் யார் பிடிப்பது? இவர் பிடிக்க முடியுமா, மூத்தார், கை படலாமா? தள்ளி நின்று, அழாதேம்மா அழாதேம்மா என்று கதவோரமாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறார், கணவன் செத்த செய்தி வந்ததும் நாலு பேர் ஓடிவந்து கட்டிக்கொள்வார்கள், அந்தப் பிடியில்தான் அவள் அன்றைக்கு உயிரோடு இருப்பாள். பாவி, வரும்போது தன் பெண்டாட்டியையும் கூட்டிவந்திருக்க வேண்டும். ஐசியூ என்று நினைத்துத்தானே கிளம்பினார், குழந்தையை யார் பார்ப்பது என்று விட்டுவிட்டு வந்தார்.

இரண்டாவது லாட்ஜில் ரூம் வரைக்கும்கூடப் போகவில்லை. ரிசப்ஷனில் இருந்தவன் போனைப் பார்த்துக்கொண்டே, கப்பிளா என்று கேட்டான். இல்லை, தம்பி சம்சாரம் என்றார். அவன் போனிலிருந்து கண்ணை எடுத்து ஒரு பார்வை பார்த்தான். "சரி, என்னவோ. ஐடி ரெண்டு பேருதும் வேணும்," என்றான். அந்த என்னவோவில் எல்லாம் இருந்தது. இந்தத் தெருவில் ரூம் கேட்கிறவன் எதற்குக் கேட்கிறான் என்று அவனுக்குத் தெரியாதா, தெரிந்த கணக்கில் போட்டுக்கொண்டான். ஏகாம்பரத்துக்குக் காது சுட்டது. எழவு சொல்ல ஒரு ரூம் வேண்டும்டா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கொடுப்பானா? எந்த லாட்ஜ்காரன் கொடுப்பான்? சரி, ரேட் என்ன என்று கேட்கும்போதே மேஜை மேலிருந்த பேனா தானாக நகர்ந்தது. கீழே பேஸ்மென்டில் பப்பு. டமடமவென்று இடி மாதிரி வந்து நெஞ்சுக்கூட்டில் முட்டுகிறது. ராத்திரி இது நிற்காதா என்றார். ஒரு மணிக்கு நிற்கும் என்றான். ஒரு மணி வரைக்கும் இந்தச் சத்தத்தில் அவள் எப்படி அழுவாள், அழுதால் யாருக்குக் கேட்கும். கேட்காமல் இருந்தால் நல்லதுதானோ? ச்சே. புருஷன் செத்து அழுகிறவள் அழுகை நாலு வீட்டுக்குக் கேட்க வேண்டாமா. வேண்டாங்க, பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

சொந்தக்காரன் வீடு இல்லாமல் இல்லை. இதே பெங்களூரில், அல்சூரில் தாய்மாமன் பலராமன் இருக்கிறார். ஓசூர் தாண்டும்போது பஸ்ஸிலிருந்தே கையால் வாயை மூடிக்கொண்டு அவருக்குத்தான் போன் பண்ணினார். அத்தை இருக்கிறாள், மாமன் மகள்கள் இருக்கிறார்கள், பெரிய கூடம், தரை இருக்கிறது, சுவர் இருக்கிறது, கட்டிக்கொள்ள நாலு பொம்பளைகள் இருக்கிறார்கள். பலராமன் போனில் குலுங்கிக் குலுங்கி அழுதார். தணிகாவைத் தோளில் வைத்து வளர்த்தவர். அழுது முடித்துவிட்டு, "ஏகாம்பரம், முந்தாநாள்தாண்டா பந்தக்கால் நட்டோம்," என்றார். மகள் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. "காலு நட்ட வீடுடா. நான் இன்னா பண்ணுவேன். நீயே சொல்லு, உனக்குத் தெரியாததா," என்றார். தெரியும். எத்தனை வீட்டில் அந்தக் காலை நட்டுக் கொடுத்தவரே இவர்தான். கால் நட்டுவிட்டால் அந்த வீட்டுக்காரர் சாவுக்குப் போகக் கூடாது, சாவு அந்த வீட்டுக்கு வரக் கூடாது. தீட்டுக்காரர்களைப் படியேற விட்டால் நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒன்று என்றால் யார் பதில் சொல்வது? "நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க மாமா," என்று இவர்தான் அவருக்குச் சமாதானம் சொன்னார். அம்சாவிடம், மாமா வீட்டில் கல்யாண ஜனம், படுக்க இடமில்லை என்று சொல்லிவிட்டார். "ஆமா, நாம எதுக்கு அங்க போய் இடைஞ்சலா," என்றாள். பலராமன் கடைசியில் வெச்சிடறேன்னுகூடச் சொல்லவில்லை, லைன் அப்படியே போய்விட்டது. அதிலும் தப்பில்லை, சாவுப் பேச்சை அப்படித்தான் முடிப்பார்கள். கடை ஆரம்பித்த புதிதில் ஏகாம்பரத்துக்கு இதெல்லாம் தெரியாது. மேல்செங்கத்தில் ஒரு சாவு வீட்டில் சேரெல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டு, கல்யாண வீட்டுப் பழக்கத்தில், போய்ட்டு வரேங்க என்று சொல்லிவிட்டார். செத்தவருடைய தம்பி எழுந்து வந்து கன்னத்தில் ஒன்று விட்டான். "மறுபடியும் வரணுமாடா உனுக்கு இந்த வீட்டுக்கு?" என்றான். காது ரெண்டு நாள் ஙொய் என்றது. அதோடு சரி. சாவு வீட்டிலிருந்து கிளம்பினால் வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும், சேரை எண்ணுவதும் கண்ணால்தான்.

என்ன சொல்லிச் சொல்வது. நடந்துகொண்டே ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்த்தார். தவறிட்டான். அது பேப்பரில் போடுவது. நம்மளை விட்டுட்டுப் போய்ட்டான். சினிமா மாதிரி இருக்கிறது. காலமாயிட்டான். அவனுக்குக் காலமாகிற வயசா. ஆயிடுச்சும்மா. எது ஆயிடுச்சு என்று கேட்பாள், அவள் எதையும் தெளிவாகக் கேட்கிறவள். செத்துட்டான். அந்த வார்த்தையைத் தம்பி பேரோடு சேர்த்து மனசுக்குள்கூட வைக்க முடியவில்லை, தணிகா என்று ஒரு பக்கம் நிற்கிறது, செத்துட்டான் என்று ஒரு பக்கம் நிற்கிறது, இரண்டும் ஒட்டுவேனா என்கிறது. மத்தியானத்திலிருந்து இந்த மனுஷன் ஒரு சொட்டு அழவில்லை. நேரம் எங்கே? தணிகா அவருக்குப் பின்னால் பிறந்தவன், பந்தல் கம்பு தூக்கப் பயந்துகொண்டு கரண்டியைப் பிடித்தவன். "நீ உக்கார வெக்கிற ஜனத்துக்கு நான் சோறு போடறேண்ணே," என்பான். என்னைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும். இல்லை, அதுவும் வேண்டாம். எதுவும் வேண்டாம், பஸ் கிருஷ்ணகிரியில் நிற்காமலே போயிருக்கலாம், டீ குடிக்காமல் யார் செத்தார்கள்? அங்கே சிக்னல் இல்லாமல் இருந்திருக்கலாம். அவள் இன்னும் கொஞ்ச நேரம் பெண்டாட்டியாக இருக்கட்டும், நான் ரூம் தேடுகிற வரைக்கும் இருக்கட்டும். இப்படி நினைத்ததும் ஏகாம்பரத்துக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. ரூமைத் தேடுகிறேனா, நேரத்தைத் தள்ளுகிறேனா?

மூன்றாவது இடம் லாட்ஜே இல்லை. காலேஜ் வயசுப் பிள்ளைகள் தங்குகிற இடமாம். ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டில், ரயில் பெட்டி மாதிரி. யாருக்கோ பிறந்தநாள் போலிருக்கிறது, முகமெல்லாம் கேக்கு. வாசலில் நின்றவருக்கும் ஒரு துண்டை நீட்டினார்கள். தீட்டில் இருக்கிறவன் இனிப்பு வாங்கலாமா என்று கை தயங்கியது, வாங்காவிட்டால் அந்தப் பிள்ளை மூஞ்சி வாடுமே என்று வாங்கினார். அதைக் கையில் வைத்துக்கொண்டே இரண்டு தெரு நடந்து, ஒரு குப்பைத்தொட்டி கிடைத்ததும் போட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

நாலாவது, ஒரு சந்தின் முடிவில் இருந்தது. பழைய காலத்து வீட்டை லாட்ஜ் ஆக்கியிருக்கிறார்கள், பலகை விளக்கில் பாதி எரியவில்லை. சந்துக்குள் திரும்பியதுமே பாட்டுச் சத்தம் குறைந்து போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. கவுண்டரில் இருந்த பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை, சாவியைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாவிடம் கொடுத்துக் காட்டச் சொன்னார். கதவைத் திறந்தாள். சிவப்புச் சிமெண்டுத் தரை. கட்டில் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கிறது. நடுவில் இரண்டு ஜமுக்காளம் போடலாம், அவ்வளவு தரை. ஜன்னல் பக்கம் ஒன்றுமே மாட்டாத வெறும் சுவர். ஒரு ஆள் சாய்ந்து உட்காரலாம், பக்கத்திலேயே இன்னொரு ஆளும் உட்காரலாம். ஏகாம்பரம் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய்த் தரையைக் காலால் அழுத்திப் பார்த்தார். குளிர்ச்சியாக இருந்தது. அந்த அம்மாவுக்கு இது என்ன ஆள் என்று பட்டிருக்க வேண்டும். "இன்னா சார், ரூமு பாக்க வந்தியா, மனை பாக்க வந்தியா?" என்றாள். தமிழ். எந்த ஊரும்மா என்றார். கோலார் தங்கவயல், பேர் தெரேசா என்றாள். "வேலை முடிஞ்சு எத்தினி மணிக்குப் போவீங்க?" என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் அவள் முகம் மாறியது, இந்தத் தெருவில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் உண்டோ. "எதுக்கு கேக்குற?" என்று துடைப்பத்தை இறுக்கிப் பிடித்தாள். "என் தம்பி செத்துட்டாம்மா," என்றார் ஏகாம்பரம். அவ்வளவு நேரம் ஒட்டாத இரண்டும் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டன. "அவன் பெண்டாட்டிக்கு இன்னும் தெரியாது. கூட்டிவந்து இங்க வெச்சு சொல்லணும். நான் மூத்தாருங்க. புடிச்சுக்க ஒரு பொம்பளை இல்ல." தெரேசா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். பிறகு ஜன்னல் மேலிருந்த சொம்பை எடுத்துக் கழுவிக்கொண்டே, "போய்க் கூட்டிகினு வா. நான் இருக்கறேன்," என்றாள்.

திரும்பி வருகிற வழியில் ஏகாம்பரத்துக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை யாரிடமாவது சொன்னால் காறித் துப்புவார்கள். தம்பி பெட்டியில் கிடக்கிறான், இவருக்கு ரூம் கிடைத்த சந்தோஷம். ஆனால் அப்படித்தான் இருந்தது, கால் லேசாக இருந்தது, கூட்டத்துக்குள் வளைந்து வளைந்து வேகமாக நடந்தார். முதலில் அவளைக் கை கால் கழுவச் சொல்ல வேண்டும். டீ ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டும். தெரேசாவை ஜன்னல் பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு, கதவோரம் நின்று, மெதுவாக, அம்மா அம்சா என்று ஆரம்பித்து, ஆயிடுச்சும்மா என்றே சொல்லிவிடலாம், மிச்சத்தை அவளே கேட்டுக்கொள்வாள். அழட்டும். விடிய விடிய அழட்டும். ஒன்றைச் சரியாகச் செய்தேன் என்று தணிகாவிடம் நாளைக்கு முழங்கையைப் பார்த்துச் சொல்லலாம். ஜூஸ் கடை இருக்கும் தெருவில் இப்போது நிற்க இடமில்லை. எதிரெதிரே இரண்டு பப்பு, இரண்டும் வாசலில் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு ஒன்றையொன்று வெல்லப் பார்க்கின்றன.

நாற்காலியில் அவள் இல்லை. நாற்காலி மேலே ஜூஸ் கிளாஸ் இருந்தது, கொடுத்தது கொடுத்தபடி, ஐஸ் கரைந்து மேலே தண்ணீராக நிற்கிறது. அங்கே இங்கே பார்த்தார். கடைக்குப் பக்கத்தில் ஷட்டர் போட்ட கடை ஒன்று, அதன் வாசலில், நடைபாதைத் தரையில், ஷட்டரில் முதுகைச் சாய்த்து அம்சா உட்கார்ந்திருந்தாள். தலைமுடி அவிழ்ந்து தோளில் கிடந்தது. பை பக்கத்தில். நீட்டிய காலைத் தாண்டித் தாண்டி ஜனம் போய்க்கொண்டிருந்தது.

"ஏம்மா கீழ உக்காந்துட்ட? சேர் இருக்குதே."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் வீங்கியிருந்தது. எழுந்திருக்கவில்லை. மூத்தாரைக் கண்டால் எழுந்து நிற்காமல் ஒருநாளும் இருந்ததில்லை.

"எப்ப மாமா?"

"என்னம்மா எப்ப?"

"அவரு எப்பப் போனாரு?"

பாட்டு இடித்துக்கொண்டிருந்தது. அந்தோணி சொல்லிவிட்டானா, ஊரிலிருந்து யாராவது போன் பண்ணிவிட்டார்களா. "யாரும்மா சொன்னா?" என்றார்.

"யாரும் சொல்லல. நீங்கதான். ரூம் பாக்கணும்னு சொல்லி ஜூஸைக் கையில குடுத்தீங்க, கெளம்பறப்ப ஒரு வார்த்தை சொல்லாம போனீங்க. எதுத்த கடைக்குப் போனாக்கூட போய்ட்டு வரேன்னு சொல்லிட்டுப் போற ஆளு நீங்க, பின்கட்டுல இருந்து தெனம் கேக்கறேனே. சாவு வீட்டுல சேர் எடுத்துகினு கெளம்பற மாதிரி கெளம்பினீங்க." மூச்சு வாங்கினாள். "மாமான்னு கூப்பிட்டேன். ரெண்டு தரம் கூப்பிட்டேன். நீங்க திரும்பிப் பாக்கல."

ஏகாம்பரம் நாற்காலி மேலிருந்த ஜூஸ் கிளாஸைப் பார்த்தார். அவ்வளவு ரூமைத் தட்டிக்கழித்துவிட்டு வந்திருக்கிறார், தரையில்லை, சத்தம், சுவரில்லை, பொம்பளையில்லை என்று. அவர் அங்கே தரையைக் காலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் இவள் இங்கே இந்த ஸ்பீக்கருக்குக் கீழே.

"கிருஷ்ணகிரில," என்றார். "டீ குடிக்க எறங்கினமே. அந்தோணி போன் வந்துச்சே, அப்ப."

அம்சா பக்கத்திலிருந்த பையைப் பார்த்தாள்.

"அப்பறம் நான் அந்தப் பன்னைத் தின்னேனே மாமா," என்றாள்.

பிறகு தலையை ஷட்டரில் சாய்த்துக்கொண்டாள். "சத்தமாத்தான் அழுதேன். இந்தப் பாட்டுல யாருக்கும் கேக்கல," என்றாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பையைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, வழக்கமான குரலில், "ரூம் கெடச்சுதா?" என்று கேட்டாள்.

"கெடச்சுதும்மா. நல்ல ரூம். தரை இருக்குது," என்றார் ஏகாம்பரம். கையை ஊன்றி அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார், நடைபாதையில், அதே ஷட்டரில் முதுகு இடிக்க. கிருஷ்ணகிரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது அப்போதுதான் இறங்கியது. தணிகா, தணிகா என்று வாய்விட்டு அழுதார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. அம்சா ஒரு நொடி தயங்கினாள், பிறகு மூத்தார் என்று பார்க்காமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் ஹார்லிக்ஸ் பாட்டில் வாசனை அடித்தது. எதிர்ப் பப்பின் வாசலில் நின்ற கறுப்புச் சட்டைக்காரன் இவர்களைப் பார்த்துவிட்டு, இங்கெல்லாம் உட்காரக் கூடாது, எழுந்திருங்க என்று கையைக் காட்டிக்கொண்டே ரோட்டைத் தாண்டி வந்தான். கிட்டே வந்ததும் நின்றான். அந்த அம்மாளின் அவிழ்ந்த தலையைப் பார்த்தான், குலுங்குகிற மனுஷனைப் பார்த்தான், பையைப் பார்த்தான். காட்டிய கையை இறக்கிக்கொண்டு திரும்பிப் போனான்.